சளி மாத்திரை பாட்டிலும் ரெண்டு இசைத்தட்டும்

70கள்ல வந்த ராக் கச்சேரிப் பதிவுகள்ல எது பெஸ்ட்னு கேட்டா ஆளுக்கொரு பேர் சொல்வாங்க. தி ஹூவோட 'லைவ் அட் லீட்ஸ்', டீப் பர்ப்பிளோட 'மேட் இன் ஜப்பான்'... சண்டைக்கு நான் வரல. என் ஓட்டு ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோட 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்'டுக்கு (1971). டாக்டரா எனக்குக் கூடுதல் காரணமும் இருக்கு. இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் குதிரையிலிருந்து விழுந்து கையில அடி. தம்பி கிரெக் மேல கோபம், பேச்சுவார்த்தை இல்ல. பிறந்தநாள் அன்னிக்கு சளி வேற. தம்பி ஒரு ப்ளூஸ் இசைத்தட்டையும் கோரிசிடின் மாத்திரை பாட்டிலையும் வாசல்ல வச்சுட்டு, கதவைத் தட்டிட்டு ஓடிட்டார். அண்ணன் மாத்திரையைக் கொட்டிட்டு, லேபிளைக் கழுவி, அந்தக் கண்ணாடி பாட்டிலை விரல்ல மாட்டிக் கம்பி மேல வழுக்க ஆரம்பிச்சுட்டார். கிரெக் பின்னாடி சொன்ன கதை இது. (அதுல இருந்த குளோர்பெனிரமின் இன்னிக்கும் நம்ம ஊர் சளி மாத்திரைகள்ல இருக்கு.) கோட்டு வாத்தியம் கேட்டவங்களுக்கு அந்த வழுக்கலோட சுகம் சொல்லாமலே புரியும்.

1971 மார்ச், நியூயார்க். ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம். பதிவுக்குப் பொறுப்பு டாம் டௌட். இளமையில் மன்ஹாட்டன் திட்டத்துல வேலை பார்த்த இயற்பியல்காரர்! கச்சேரி முடிஞ்சதும் எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போய் டேப்பைப் போட்டுக் கேப்பாங்க. எது தேறுச்சு, நாளைக்கு எதைத் திரும்ப வாசிக்கணும்னு அங்கேயே முடிவு. தியேட்டர் முடிச்சு வந்து எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி.

ரெண்டு தட்டு, மொத்தமே 7 பாட்டு. ஸ்டூடியோவுல 5 நிமிஷம் சொச்சம் இருந்த 'விப்பிங் போஸ்ட்' இங்க கிட்டத்தட்ட 23 நிமிஷம். நடுவுல ஒரு இடத்துல எல்லாம் அடங்கி, யாரு அடுத்த அடி எடுக்கப்போறாங்கன்னு அவங்களுக்கே தெரியாத மாதிரி ஒரு காத்திருப்பு. நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியில எத்தனை தடவை கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல.

அக்டோபர் 25, கோல்ட் சான்று கிடைச்சது. நாலே நாள். அக்டோபர் 29, ஜார்ஜியாவோட மேக்கன் நகரத்துல பைக் விபத்து. அறுவை சிகிச்சை செஞ்சும் டுவேன் பிழைக்கல. வயசு 24.

அடுத்த வருஷம் நவம்பர் 11. அதே ஊர், அந்த இடத்துக்குச் சில தெரு தள்ளி, பேஸ் கிட்டார் வாசிச்ச பெர்ரி ஓக்லியோட பைக் பஸ்ஸுல மோதுச்சு. எழுந்து நின்னார். ஒண்ணுமில்லன்னு சொல்லி சிகிச்சையை மறுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டார். சில மணி நேரத்துல நினைவு குழம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. மண்டையோட்டில் முறிவு, மூளை வீக்கம். அவருக்கும் 24.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், நான் கிளம்புறேன்." கேஷுவாலிட்டியில எங்களுக்கு வயித்தைக் கலக்குற வாக்கியம் இதுதான். தலையில அடிபட்டவர் முதல்ல தெளிவாப் பேசுவார், உள்ளே அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும். இன்னிக்கு சந்தேகம் வந்தா உடனே சிடி ஸ்கேன். உலகத்துல முதல் நோயாளிக்கு சிடி எடுத்தது 1971 அக்டோபர் 1, லண்டன்ல. டுவேன் இறந்த அதே மாசம். அந்த மெஷினைச் செஞ்சது யாரு தெரியுமா? இசைத்தட்டு போட்ட இஎம்ஐ கம்பெனி! ஆனா ஓக்லி காலத்துக்கு அது மேக்கன் வரை வந்து சேரல.

ஒரு தடவை ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க. 'விப்பிங் போஸ்ட்' முடிஞ்சு கைதட்டல் அடங்குறதுக்குள்ள அடுத்த பாட்டு லேசா ஆரம்பிக்கும், அத்தோட தட்டு தீர்ந்துரும். அது 'மவுண்டன் ஜாம்'. அதோட மிச்சம் 1972 பிப்ரவரியில அடுத்த ஆல்பத்துலதான் வந்துச்சு. டுவேன் அப்ப இல்ல.