நிசான் மாதத்து முழுநிலவு

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுப் பிறப்பு இரண்டு. திங்களின் நடையைப் பற்றிவரும் உகாதியை அண்டை வீட்டாரோடு கொண்டாடுகிறோம். கதிரவனின் நடையைப் பற்றிவரும் சித்திரை முதல் நாளை நம் வீட்டில் கொண்டாடுகிறோம். உகாதி ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகர்வதையும், இடையே புகும் அதிக மாதம் அதனைப் பருவம் தவறாமல் காப்பதையும் பஞ்சாங்கம் பார்ப்போர் அறிவர். இத்தகைய கணக்கையே கைக்கொண்ட மற்றொரு மக்கள் யூதர். 19 ஆண்டுகளில் 7 மிகை மாதங்கள் என்பது அவர்கள் வகுத்த முறை. அதன்படி இளவேனிலில் வரும் நிசான் மாதத்து முழுநிலவன்று, எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தம் முன்னோர் விடுதலை பெற்றதை நினைந்து அவர்கள் எடுக்கும் விழா 'பெசஹா' எனப்படும். தமிழ்க் கிறித்தவர் வழங்கும் 'பாஸ்கா' என்னும் சொல்லும் இதன் வழிவந்ததே.

இவ்விழா நமக்கு அயலானதன்று. கொச்சி யூதர் இதனைப் பல நூற்றாண்டுகள் சேர மண்ணில் கொண்டாடி வந்துள்ளனர். கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், யூதர் தலைவனாகிய யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் பொறித்து வழங்கினான். பகல் விளக்கு, குடை, பல்லக்கு, தோரணம் முதலியன அவ்வுரிமைகளுள் அடங்கும். அச்செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. நம் கல்வெட்டுகளைப் பயின்றார்க்குப் பழகிய எழுத்து. சேந்தமங்கலத்தில் கிடைத்த 1269-ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல்லும், மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடமும் பின்வந்த சான்றுகள்.

பெசஹாவுக்குக் கொச்சி வீடுகளில் நடந்த ஆயத்தம் வியப்புக்குரியது. விழா நாட்களில் புளித்த மா ஒரு துகளும் வீட்டில் இருத்தலாகாது என்பது விதி. ஆகவே, வாரக்கணக்கில் முன்னரே தொடங்கிச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பர். கிணற்றை இறைத்துத் தூய்மை செய்வர். விழாவுக்கென்றே தனியே வைத்திருந்த கலங்களை எடுப்பர். அரிசியையும் மிளகு முதலிய பண்டங்களையும் மணிமணியாய் ஆய்ந்து எடுப்பர். ஐரோப்பிய யூதருள் பெரும்பாலோர் அந்நாட்களில் அரிசியை விலக்கினர், கொச்சியார் விலக்கவில்லை. சோறின்றி எட்டு நாள் கழிப்பது மலையாள நாட்டில் எவர்க்கு இயலும்! புளிப்பில்லா அப்பத்தை வீட்டிலேயே சுட்டு, பேரீச்சம்பழப் பாகோடு வைத்து, இரவில் குடும்பம் முழுதும் அமர்ந்து அந்தப் பழைய விடுதலைக் கதையைப் படிப்பர். தானே எகிப்தினின்று வெளியேறியதாக ஒவ்வொருவரும் எண்ணவேண்டும் என்பது அவ்விரவின் நெறி.

ஆயினும் இவ்வரலாற்றில் மறைக்கத் தகாத ஒரு கறையும் உண்டு. அடிமைத்தளை அறுந்ததைக் கொண்டாடிய அதே பரதேசிக் கூடத்தில், முன்னாள் அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்ட யூதர், ஏனையோர்க்குச் சமமாய் அமரவும் மறைநூல் ஓதவும் இடம் பெறவில்லை. நிறவேற்றுமையும் குலவேற்றுமையும் அங்கும் புகுந்திருந்தன. அவ்வகுப்பிற் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, அக்கூடத்துக்குள்ளேயே அறப்போர் நிகழ்த்தினார். தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. 'யூத காந்தி' எனும் பெயர் அவர்க்கு வெறும் புகழ்மொழியாய் அமைந்ததன்று. பெசஹாவின் பொருளைக் கொச்சியில் மெய்யாக உணர்ந்தவர் அவரே என்பது என் கருத்து.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், 2,000-க்கு மேற்பட்ட கொச்சி யூதர், சிறப்பாக 1954, 1955-ஆம் ஆண்டுகளில், அங்குக் குடியேறினர். எவரும் துரத்தவில்லை, அவர்களே விரும்பிச் சென்றனர். நெகேவ் பாலைநிலத்து நெவாத்தீம் அவர்கள் குடியேறிய ஊர்களுள் ஒன்று. காயலும் தென்னையும் கண்ட கண்கள் மணலைக் கண்டன. விழாவிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது: இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள் கொண்டாடப்படும் பெசஹா அங்கு ஏழு நாளே. அதற்குப் பின் புது நாட்டின் நினைவு நாட்கள் தொடர்ந்தன. இட்லரின் ஆட்சியில் மாண்ட அறுபது இலட்சம் யூதரை நினையும் நாள் நிசான் 27. அடுத்து வரும் ஐயார் மாதம் 4-ஆம் நாள் போரில் வீழ்ந்தோர்க்கு உரியது; 5-ஆம் நாள் நாட்டின் விடுதலை விழா. (வாரக்கிழமையை ஒட்டி இவை சிறிது நகர்வதும் உண்டு.) யூதர்க்கு நாள் என்பது அந்தியில் தொடங்குவது, ஆதலின் ஒரே மாலையில் துயரம் முடிந்து களிப்புத் தொடங்குகிறது. மகனை இழந்த தாய் அந்த ஒரு நொடியை எவ்வாறு கடப்பாளோ! அந்த நாடு தோன்றிய ஆண்டிலேயே வீடிழந்த பாலஸ்தீன மக்கள் அதே வேனிலைத் தம் இழப்பின் பருவமாக நினைவுகூர்வதையும் வரலாறு எழுதுவோன் விட்டுவிடல் ஆகாது.

கொச்சியில் இன்று எஞ்சிய யூதர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆடவர் உள்ளூரில் இல்லை. ஆனால் நெவாத்தீமில் கொச்சி மரபுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதனினும் பெரிய செல்வம் ஒன்றைப் பெண்கள் கொண்டு சென்றிருந்தனர். அவை மலையாள எழுத்தில் கையால் எழுதிய பாட்டுக் குறிப்பேடுகள். திருமணத்திலும் திருநாளிலும் தாயும் பாட்டியும் பாடிய யூதப் பாடல்கள் அவற்றில் இருந்தன. பேரப்பிள்ளைகள் எபிரேயம் பேசத் தொடங்கிய வீடுகளில் அவ்வேடுகள் பெட்டிக்குள் கிடந்தன. அறிஞர்கள் தேடிச் சென்று, முதிய பெண்களைப் பாடச் செய்து பதிவு செய்தனர். அப்பாடல்களின் தொகுப்பொன்று 2005-இல் எருசலேமில் மலையாளமும் எபிரேயமுமாக வெளிவந்தது. அதன் பெயர் 'கார்குழலி'. நம் பிள்ளைகளுக்கு அச்சொல்லின் பொருளை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றே நம்புகிறேன்.