டாலரைக் கண்காணித்த திருப்பூர்

பனியன் ஏற்றுமதிக்காரருக்கு ஆர்டர் டாலரில் வரும். நூலுக்கும் சாயத்துக்கும் வாரக் கூலிக்கும் ரூபாயில் கொடுக்க வேண்டும். சரக்கு போய்ப் பணம் வருவதற்குள் டாலர் ஒரு ரூபாய் இறங்கினாலே லாபம் கரைந்துவிடும்.

2007 இறுதியில் டாலர் 40 ரூபாய்க்கும் கீழே போனது. அந்தப் பதற்றத்தில் திருப்பூரில் பலர், வங்கிகள் விற்ற சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். பின்னலாடைக்குச் சம்பந்தமே இல்லாத சுவிஸ் பிராங்கோடு பிணைத்தவையும் அவற்றில் உண்டு. 2008 மார்ச்சில் பிராங்க் டாலருக்குச் சமமாக ஏறியது. அதோடு பிணைத்தவர்களின் பல வருட உழைப்பு நஷ்டக் கணக்கில் போனது. வழக்குகள் நீதிமன்றம் ஏறின. வாங்குபவருக்கு அந்த ஒப்பந்தம் பொருந்துமா என்று சரிபார்க்கத் தவறியது உள்ளிட்ட விதிமீறல்களுக்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. இழந்தவர்களுக்கு அது மிகத் தாமதம்.

இதற்கிடையே, 2008 ஆகஸ்ட் 29-இல் தேசியப் பங்குச் சந்தையில் டாலர் பியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான விலையை முன்கூட்டியே பூட்டும் ஒப்பந்தம்) தொடங்கியது; ஒரு லாட் 1,000 டாலர். 2010-இல் யூரோ, பவுண்டு, யென் சேர்ந்தன. விலை எல்லோருக்கும் திரையில் தெரிந்தது. ஒரே வர்த்தக மென்பொருளை நாணயத்துக்கு ஒன்றாகப் பல ஜன்னல்களில் ஓடவிட்டு, குறித்த விலை வந்ததும் மணியடிக்க வைக்க வழி பிறந்தது. ஜெர்மனிக்கு யூரோவிலும் அமெரிக்காவுக்கு டாலரிலும் பில் போடும் கம்பெனிக்கு இரண்டு ஜன்னலும் சேர்ந்தே ஓடியாக வேண்டும்.