சர் பொன்னம்பலம் அருணாசலமும் உத்தியோக வழியும்

நம்மவருள் ஒருவர் அரசாங்க உத்தியோகம் பெற்றால் ஊரார் மகிழ்ந்து மாலையிட்டு வாழ்த்துகின்றனர். அது தக்கதே. ஆயினும், அவரால் பின்வரும் பிள்ளைகளுக்கு வழி பிறந்ததா என்று கேட்பார் சிலரே. இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இலங்கைத் தமிழராகிய பொன்னம்பலம் அருணாசலம் 1853-ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தார். கல்வியும் செல்வமும் நிறைந்த குடும்பம் அது; சட்டநிரூபண சபையில் அங்கத்தினராக விளங்கிய சர் முத்துக்குமாரசுவாமி இவர்க்குத் தாய்மாமன். கொழும்பிற் பயின்ற பின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த கிறிஸ்து கலாசாலையிற் கற்றார். இலங்கைச் சிவில் சர்வீஸ் என்னும் உயர்தர உத்தியோகத்துக்குரிய போட்டிப் பரீட்சை அந்நாளில் நடைபெற்றது. கடல் கடந்து சென்று பயிலப் பொருளில்லாதார்க்கு அஃது அரிதில் திறக்கும் கதவே. 1875-இல் அருணாசலம் அதில் தேறினார். போட்டிப் பரீட்சை வாயிலாக அவ்வுத்தியோகத்திற் புகுந்த முதல் இலங்கையர் இவரே.

நீதி ஸ்தலங்களில் அமர்ந்து முறை வழங்கிய பின்னர், பதிவு இலாகாவின் தலைமைப் பதவி ஏற்றார். 1901-ஆம் ஆண்டின் குடிமதிப்பை நடத்தி, அதன் அறிக்கையையும் எழுதினார்.

இவ்வளவோடு அவர் நின்றிருப்பினும் உலகம் புகழ்ந்திருக்கும். ஆனால், தமக்குத் திறந்த கதவு பிறர்க்கு அடைபட்டிருத்தலை அவர் மறந்திலர். இலங்கையிலேயே ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று முயன்றார். 1906-இல் அதன்பொருட்டு எழுந்த சங்கத்தில், உத்தியோகத்தில் இருந்தபடியே முன்னின்று உழைத்தார். 1913-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஓய்ந்தாரல்லர். 1915-இல் சமூக சேவைச் சங்கமும், 1919-இல் தொழிலாளர் நலச் சங்கமும் கண்டார். அவ்வாண்டிலேயே இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவருமானார்.

1921-இல் கொழும்பில் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. 1924-இல் தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரையாக வந்தவிடத்து மதுரையில் அவர் சிவபதம் எய்தினார். அவர் விரும்பிய முழுச் சர்வகலாசாலை 1942-இல் தோன்றிற்று. பேராதனையில் அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதி இன்றும் உள்ளது.

அன்பர்களே! அவர் தேடியது உறவினர் சிலர்க்குச் சிபாரிசு அன்று. தமிழரும் சிங்களரும் ஒருங்கே நடக்கத்தக்க பொதுவழி. சிபாரிசு ஒருவனை ஏற்றும். கல்விச்சாலை ஒரு தலைமுறையை ஏற்றும்.

இன்று அரசாங்கப் பரீட்சை எழுதக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஆயினும், எப்பரீட்சைக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது, எந்நூலைப் பயில்வது என்று சொல்வாரின்மையால் வயதெல்லை கடந்துபோன பிள்ளைகளை, யான் கற்பித்தவருள்ளேயே கண்டு வருந்தியிருக்கின்றேன். அவர்க்குக் குறைந்தது அறிவன்று; வழிகாட்டியே.

ஆதலின், உத்தியோகத்தில் அமர்ந்துள்ள நம்மவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைச் சங்கக் கட்டிடத்தில் மாணவர்க்கு அளிப்பாராக. தாம் பயின்ற நூல்களை அங்கே வைப்பாராக. பிற வகுப்புப் பிள்ளை வந்து கேட்பினும் விலக்காதிருப்பாராக. அடுத்த முறை ஒருவர்க்கு மாலையிடுங்கால், அவர் கைகொடுத்து ஏற்றியவர் எத்தனை பேர் என்றும் நாம் கேட்போமாக.