உரிமையும் சமத்துவமும்: இலங்கை இடதுசாரிகளின் அனுபவம்

மனித உரிமைக் கோட்பாடு தனிமனிதனை அரசின் வலிமையிலிருந்து காப்பதை முதன்மையாகக் கொள்வது. இடதுசாரி அரசியல் உழைக்கும் வர்க்கத்தின் விடுதலையை முதன்மையாகக் கொள்வது. இவை தம்முள் முரண்படுவனவா என்னும் வினா பழையது. பிரெஞ்சுப் புரட்சி பிரகடனஞ் செய்த உரிமைகள், சமூகத்தினின்று பிரிந்து நிற்கும் தன்னல மனிதனின் உரிமைகளே என 1844இல் வெளியான கட்டுரையொன்றில் மார்க்ஸ் கண்டித்தார். இவ்வினாவை எமது நாட்டு வரலாற்றின்வழி ஆராய்தல் பயனுடைத்து.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அது நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் கழியுமுன்னர், டிசம்பர் 10இல், நாட்டுரிமை யாவருக்கும் உரியதென ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்தது. அச்சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர் சிலருக்குத் துணைநின்றமை உண்மையே. எனினும், அவ்வெதிர்ப்பில் வர்க்க ஒருமைப்பாடும் மனித உரிமையும் ஒன்றுபட்டு நின்றன என்பதை மறுத்தல் இயலாது.

ஆட்சியிற் பங்குகொண்டபின் நிலைமை மாறிற்று. 1964 ஒக்டோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வகைசெய்தது. தொழிலாளரின் விருப்பம் வினவப்படவில்லை. அவ்வேளை லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் இருந்தது; அதன் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சராக விளங்கினார்.

1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு இதனினும் தெளிவான சான்றாகும். அதனை உருவாக்கும் பணிக்குப் பொறுப்பாயிருந்த கொல்வின் ஆர். டி சில்வா தோட்டத் தொழில் அமைச்சராகவும் இருந்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்த காப்பு அப்புதிய யாப்பில் இடம்பெறவில்லை. அடிப்படை உரிமைகள் 18ஆம் பிரிவில் வகுக்கப்பட்டன. ஆனால், சோசலிச சனநாயகத்தை இலக்காகக் கொண்ட அரச கொள்கைத் தத்துவங்களை நிறைவேற்றும்பொருட்டு அவ்வுரிமைகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று அப்பிரிவே விதித்தது. நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் வலிதை நீதிமன்றங்கள் ஆராயவும் இடமிருக்கவில்லை.

சமத்துவ இலட்சியம் தவறானது என்பது இதனாற் பெறப்படும் முடிபன்று. உணவும் கல்வியும் இல்லாதவனுக்கு ஏட்டளவிலான உரிமை போதாது என்னும் இடதுசாரி வாதம் இன்றும் வலுவுடையதே. அவர்களின் பிழை வேறு. மக்கள் நலன் நாடும் அரசு தாமே நடத்துவது என்பதால், அவ்வரசிலிருந்து மக்களுக்குக் காப்பு வேண்டியதில்லை என அவர்கள் கருதினர். 1948இல் எதிரணியிலிருந்து தாம் கண்ட உண்மையை அமைச்சர்களானபின் மறந்தனர். அம்மறதியின் சுமையை அவர்களிலும் மிகுதியாகச் சுமந்தோர் நாடற்ற தொழிலாளரே. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.