டெலிவரி வேலைக்குச் சேரப் போறீங்களா? கோவையில் முதல் பார்சலைத் தூக்கும் முன் கவனிக்க வேண்டியவை: முழு விவரம்

ஒரு பைக், ஒரு ஸ்மார்ட்போன், ஒரு லைசென்ஸ். இந்த மூன்றும் இருந்தால் சில நாட்களிலேயே வேலை என்பதுதான் பார்சல் டெலிவரி வேலையின் ஈர்ப்பு. காந்திபுரம், பீளமேடு, சரவணம்பட்டி தொடங்கி சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு வரை கோவை இளைஞர்கள் பலர் இந்த வேலையை நம்பி வண்டியை எடுக்கிறார்கள். தீபாவளி சீசன் நெருங்கும்போது தற்காலிகமாகவும் ஆள் எடுப்பார்கள்.

வேலை சுலபமாகக் கிடைக்கலாம். ஆனால் செலவு போக கையில் என்ன நிற்கும், வழியில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஊழியரா, 'பார்ட்னரா'?

இன்டர்வியூவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல, இதுதான். டெலிவரி வேலை பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கிறது.

* சம்பள ஊழியர்: நிறுவனமோ, அதற்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியோ மாதச் சம்பளம் தரும். தகுதியுள்ளவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும். இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் ரூ.21,000 சம்பளம் வரை. ஊழியரிடம் 0.75 சதவீதம் பிடித்து, நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும்.
* டெலிவரி பார்ட்னர்: பார்சலுக்கு இவ்வளவு, அல்லது நேரத்துக்கு இவ்வளவு என்று பணம். பெட்ரோல், சர்வீஸ், பஞ்சர் எல்லாம் ஓட்டுபவர் செலவு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பொதுவாக இருக்காது.

பார்ட்னராகச் சேருபவர்கள் ஆப்பில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் முன் ஒப்பந்தத்தை ஒரு முறையாவது படித்துப் பார்க்கணும். பார்சல் தொலைந்தால் யார் பணம் கட்டுவது, வாடிக்கையாளர் வீட்டில் இல்லாமல் திரும்பி வந்தால் காசு உண்டா, ஐ.டி.யை முடக்கினால் யாரிடம் முறையிடுவது? இந்த மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேணும்?

ஆதார், பான், வங்கிக் கணக்கு, லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை அடிப்படை. எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்ப முடியாது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாட்கள் கழித்துத்தான் டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போக முடியும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

லைசென்ஸ், ஆர்.சி.யை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் காட்டினாலும் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை ரூ.2,000, ஹெல்மெட் இல்லாவிட்டால் ரூ.1,000 அபராதம். ஒரு நாள் மாட்டினால் அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு.

பைக் அல்லாமல் 'குட்டி யானை' எனப்படும் டாடா ஏஸ் போன்ற வண்டியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர்கள் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது.

இன்சூரன்ஸில் இருக்கும் பொறி

பலரும் கவனிக்காத இடம் இதுதான். வெள்ளை போர்டு பைக்குக்கு எடுக்கும் சாதாரண பாலிசியில், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவதும், சொந்த உடைமை தவிர்த்த சரக்கை ஏற்றிச் செல்வதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். டெலிவரியின்போது விபத்து நடந்தால் இந்த வரியைக் காட்டி கிளைம் மறுக்கப்படலாம். எதிரே வந்தவருக்குக் காயம் என்றால், இழப்பீட்டை முதலில் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பு வரவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று. பாலிசியோடு சேரும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். அப்பா பைக்கையோ, நண்பர் பைக்கையோ எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அது பொருந்தாது.

அதனால் செய்ய வேண்டியவை:

* இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் டெலிவரி பயன்பாடு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான பாலிசியைக் கேளுங்கள்.
* வேலை தரும் நிறுவனம் விபத்துக் காப்பீடு தருகிறதா, எவ்வளவு, லாகின் செய்திருக்கும் நேரத்துக்கு மட்டுமா என்று எழுத்துப்பூர்வமாக வாங்குங்கள்.
* வங்கியில் ஆண்டுக்கு ரூ.20 கட்டினால் ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம்.

கையில் எவ்வளவு நிற்கும்? ஒரு கணக்கு

விளம்பரத்தில் வரும் தொகை, செலவு கழிக்காத தொகை. உதாரணத்துக்கு, ஒருவர் தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டுகிறார், வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது, பெட்ரோல் லிட்டர் ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு பெட்ரோலுக்கு மட்டும் சுமார் ரூ.178. மாதம் 26 நாட்களுக்கு ரூ.4,600-ஐத் தாண்டும். ஆயில் சர்வீஸ், டயர், பிரேக் ஷூ, போன் ரீசார்ஜ், வெளியில் சாப்பாடு, வண்டிக்கு இ.எம்.ஐ. இருந்தால் அதுவும் சேரும். இதையெல்லாம் கழித்த பிறகு நிற்பதுதான் உண்மையான சம்பளம்.

ஒப்பந்த அடிப்படையில் பணம் வாங்குபவர்களுக்கு 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கப்படலாம். வரி வரம்புக்குள் வராதவர்கள் கணக்கு தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம்.

அரசுப் பதிவு: விட்டுடாதீங்க

இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் வாரியம் உருவாக்கப்பட்டது. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், வாரியத்தில் பதிவு செய்த 2,000 பேருக்கு புதிய இ-ஸ்கூட்டர் வாங்க தலா ரூ.20,000 மானியம், குழு காப்பீடு, சென்னை மற்றும் கோவையில் ஓய்வுக் கூடங்கள் ஆகியவை அறிவிக்கப்பட்டன. பதிவு இல்லாவிட்டால் வாரியத்தின் உதவிகள் எதுவும் கிடைக்காது. தொழிலாளர் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் என்பது இதற்கு உச்சவரம்பு.

கோவை ரூட்: மேப்பை மட்டும் நம்பாதீங்க

* அவிநாசி ரோடு: உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையிலான 10.1 கி.மீ. ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே ஏறி இறங்க முடியும். இடையில் டெலிவரி இருந்தால் கீழ் ரோடுதான் சரி.
* மழை: வடகிழக்குப் பருவமழை காலத்தில் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே உள்ள ரயில்வே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும். ஆழம் தெரியாமல் வண்டியை இறக்கினால் இன்ஜினும் போகும், பார்சலும் போகும்.
* ஆடிக்காத்து: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன், ஜூலையில் பலமாக இருக்கும். முதுகில் பெரிய பையோடு பைபாஸில் வேகமாகப் போனால் பக்கவாட்டில் தள்ளிவிடும். வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி.
* டவுன்ஹால், ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி: கடைகள் பரபரப்பாகும் முன், காலையிலேயே முடித்துவிட்டால் பார்க்கிங் தேடி அலைய வேண்டாம்.

பார்சலை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. கடைசியாகக் கொடுக்க வேண்டியது அடியில், முதலில் கொடுக்க வேண்டியது மேலே. கனமானது வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில். கிளம்பும் முன் 15 நிமிடம் இதற்குச் செலவிட்டால் வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பையைக் கொட்டித் தேட வேண்டியதில்லை.

தோட்டத்து வீடுகளுக்கு எப்படிப் போவது?

கொங்குப் பகுதியில் பல குடும்பங்கள் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்துச் சாளையில்தான் இருக்கும். கதவு எண், தெருப் பெயர் எதுவும் இருக்காது. மேப் காட்டும் புள்ளி பக்கத்துத் தோட்டமாகவும் இருக்கலாம். கிளம்பும் முன்பே போன் போட்டு, "அக்கா, பார்சல் வந்திருக்குங்க, எந்தக் கோயில் பக்கம் திரும்பணுங்க?" என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிஞ்சது. வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்கி வைத்தால் அடுத்த முறைக்கும் உதவும். நாய் இருக்கும் என்பதால் கேட்டைத் திறக்கும் முன் குரல் கொடுப்பது பாதுகாப்பு.

சி.ஓ.டி., ஓ.டி.பி.: காசு விஷயத்தில் கறார்

பணத்தை வாசலிலேயே எண்ணுங்கள். வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் காட்டினால் போதாது, உங்கள் ஆப்பில் பணம் வந்ததா என்று பார்த்த பிறகே பார்சலைக் கொடுங்கள். வசூலான தொகையை அன்றே ஹப்பில் கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டுக்கே போகாமல் 'ஆள் இல்லை' என்று பதிவு செய்யாதீர்கள். லொகேஷன் பதிவில் தெரிந்துவிடும், வேலைக்கே ஆபத்து.

வேலை மோசடி: உஷார்

'டெலிவரி வேலை உறுதி, யூனிஃபார்முக்கு மட்டும் முன்பணம் அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் பணம் அனுப்ப வேண்டாம். நேரில் ஹப்புக்குப் போய் விசாரிப்பதே பாதுகாப்பு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

* 108 - ஆம்புலன்ஸ்
* 112 - அவசர உதவி
* 1930 - சைபர் மோசடி புகார்
* ஹப் பொறுப்பாளர் மற்றும் வீட்டில் ஒருவரின் எண்

விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கும். உங்கள் ரூட்டில் அப்படி எந்த மருத்துவமனை இருக்கிறது என்பதை வேலைக்குச் சேரும் முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.