பாஸ் என்றொரு சொல்

‘பாஸ்’ என்ற ஆங்கில வினைக்குக் கடத்தல், தேறுதல், நிறைவேற்றுதல் எனப் பல பொருள். அது பிரெஞ்சு ‘பாஸே’யிலிருந்து வந்தது. நான் பிரெஞ்சில் படித்தவன். அங்கே பரீட்சையை ‘பாஸே’ பண்ணினேன் என்றால் எழுதினேன் என்றுதான் அர்த்தம். தேறியதற்கு வேறு சொல். மதுரைக்கு உத்தியோகத்துக்கு வந்தபின் தினமும் கேட்டது, ‘பில் பாஸாச்சா?’

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதன் வேறு முகம் தெரியும். 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் ‘பாஸ்’ ஆனது. பின்னர் அதன்கீழ் பதிவான பிறமலைக் கள்ளர்கள் வெளியூர் போகவே ‘பாஸ்’ வாங்க வேண்டும். ராதாரிச் சீட்டு என்பார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்ளிட்ட பலர் மாண்டனர். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. வழிவிடு என்று பொருள்படும் சொல்லே வழியை மறித்த காலம் அது.