அத்தையின் கைநாட்டு



பத்து நாளாக யார் போனையும் ஒழுங்காக எடுக்கவில்லை, மன்னிக்கவும். மதுக்கரை வீட்டைக் கிரயம் பேசியிருக்கிறோம். காலையில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மத்தியானம் பத்திர எழுத்தர், சாயங்காலம் உங்களில் யாராவது ஒருவர் வீட்டு ரிசப்ஷன். இந்த ஆவணியில் மட்டும் பதினோரு பத்திரிகை வந்திருக்கிறது. வராவிட்டால் கோபித்துக்கொள்கிறீர்கள், வந்தால் "என்னங்க சார், இளைச்சுட்டீங்க" என்கிறீர்கள்.

வாங்குகிறவரின் வக்கீல் தாய்ப் பத்திரத்திலிருந்து எல்லாம் வேண்டும் என்றார். பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். முதலில் கிடைத்தது அப்பாரு 1938-இல் இடம் வாங்கிய பத்திரம். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை 1934-இல் வந்தது. 1936-இல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. ஆனது. அப்பாரு அங்கே சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய இடம் இது, ஏழு சென்ட். பூர்வீகம் அல்ல, அவருடைய சொந்தச் சம்பாத்தியம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அதற்கு அடியில் 1964-ஆம் வருட விடுதலைப் பத்திரம். அப்பாரு இறந்து மூன்று வருடம் கழித்து எழுதியது. கல்யாணத்தின்போதே சீர் செனத்தி பெற்றுக்கொண்டபடியால் இந்த வீட்டில் தனக்கு இனிப் பாத்தியதை இல்லை என்று அப்பாவுக்கு அத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. மசி இன்னும் அழியவில்லை.

பாத்தியதை இல்லாதவரிடம் எதற்கு எழுதி வாங்க வேண்டும்? வாத்தியார் புத்தி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-இல் வந்த சட்டம் விதவைக்கு ஒரு பங்கு தந்தது, அதுவும் அவள் ஆயுள் வரைக்கும்தான். மகளுக்கு அதில் ஒன்றுமில்லை. இந்து சட்டத் தொகுப்பு மசோதா இழுத்தடிக்கப்பட்டதால் அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியையே விட்டார். கடைசியில் 1956 ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் விதவைக்கும் சம பங்கு. அப்பாரு இறந்தது 1961. ஆக, அத்தைக்குப் பங்கு இருந்தது. அதனால்தான் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்திலேயே 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தீர்மானிக்கும் வரை மகள் பாகம் கேட்க முடியாது. அங்கே வந்து குடியிருக்கும் உரிமைகூடக் கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள், விதவை இவர்களுக்குத்தான். பங்கு உண்டு, வாசற்படி தாண்ட முடியாது! இந்தப் பிரிவு 2005 செப்டம்பர் 9 வரை உயிரோடு இருந்தது.

நான் வகுப்பில் நடத்தியது 1989. கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம், அந்த வருடம் மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை. (வாளையாறு தாண்டினால், கேரளாவில் 1976 டிசம்பரிலேயே கூட்டுக் குடும்ப முறையையே எடுத்துவிட்டார்கள்.) ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இது பொருந்தாது என்றும் அதிலே இருந்தது. என் தங்கைக்குக் கல்யாணம் 1985-இல். அதனால் அவளுக்கு வீட்டில் பங்கில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த விலக்கு பூர்வீகக் கூட்டுச் சொத்துக்குத்தான், இந்த வீட்டுக்கு 1956 சட்டமே போதும் என்று வக்கீல் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. உங்களுக்கு இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்டவன் நான். 2005 மத்தியத் திருத்தத்தில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதமும் இல்லை. தகப்பன் அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பத்திர எழுத்தர் சாதாரணமாகத்தான் சொன்னார், "தங்கச்சிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிக்கலாமுங்க, எல்லாரும் அப்படித்தான்." தங்கைக்குப் போன் போட்டேன். நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் அவள், "ஏனுங்கண்ணா, எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லுங்க, வந்து போட்டுட்டுப் போறேன்" என்றாள். என்ன பத்திரம் என்று கேட்கவே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. விற்கிறவர்கள் மூன்று பேர், அம்மா, நான், நீ, பணமும் மூன்று பாகம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நங்கை என்ன சொல்றாங்க?" என்றாள். என் வீட்டுக்காரி பக்கத்தில்தான் இருந்தாள். போனை வாங்கி அவளே பேசினாள்.

அத்தை மே மாதம் வரும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து "எங்கய்யன் கட்டுன ஊடு" என்று சுவரைத் தடவிக்கொண்டே சொல்வார். அவர் போய் வருடமாயிற்று. அத்தை மகன் இதைப் படிப்பான். மாப்பிள்ளை, அந்தப் பத்திரத்தின் நகல் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சட்டப்படி இனி செய்ய ஒன்றுமில்லை என்று வக்கீல் சொல்கிறார். நீ ஒரு நாள் வா, பேசுவோம்.

வியாழக்கிழமை பதிவு. அன்றைக்கு மூன்று கல்யாணம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு வர முடியாது, ரிசப்ஷனுக்குத் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.